நேர்ச்சைக் கப்பல்

இயேசு மரி சூசை துணை

ஈப்போ
15.3.1987

அன்புள்ள அத்தானுக்கு,

மேரி எழுதுவது. நான் இருக்கிறேன், வீடு இருக்கிறது, உங்கள் கப்பலும் இருக்கிறது. நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று அடுத்த கடிதத்தில் ஒரு பக்கமாவது எழுதுங்கள். போன கடிதத்தில் எண்ணி நாலு வரி. பால்காரருக்குச் சீட்டு எழுதுகிற மாதிரி பெண்டாட்டிக்கு எழுதுகிற ஒரே ஆள் நீங்கள்தான்.

லூமுட்டில் பதினோரு வருஷம் கப்பலுக்கு வெல்டிங் அடித்தீர்கள். ஆட்குறைப்பில் வேலை போனது. சரி, பாதிப் பேருக்குப் போனது. அதற்காகக் கப்பலிலேயே போய்க் குடியிருக்க வேண்டுமா? அதிலும் எண்ணெய்க் கப்பல். ரேடியோவில் தமிழ்ச் செய்தி ஆரம்பித்தால் அடுப்பை அணைத்துவிட்டுப் போய் நிற்கிறேன். ஈரான் ஈராக் சண்டையில் வளைகுடாப் பக்கம் போகிற எண்ணெய்க் கப்பல்களை இரண்டு பக்கமும் அடிக்கிறார்களாம். நல்லவேளை, நீங்கள் சிங்கப்பூருக்கும் ஜப்பானுக்கும் ஓடுகிற கப்பலில் இருக்கிறீர்கள். படுக்கும் முன் இதை எனக்கே ஒரு தடவை சொல்லிக்கொள்கிறேன். அப்புறம்தான் கண்ணை மூட முடிகிறது.

உங்கள் பிளாஸ்டிக் கப்பல் சாப்பாட்டு மேசையை முழுசாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. மூன்றடி நீள விமானந்தாங்கிக் கப்பல் நமக்கு எதற்கு? கடைசிச் சம்பளத்தில் மனுஷர் அரிசி வாங்கி வருவார் என்று பார்த்தால், ஜப்பான் எழுத்துப் போட்ட பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தீர்கள். அடிப்பாகத்தை மட்டும் ஒட்டிவிட்டு, மிச்சத்தை வந்து பார்க்கிறேன் என்று கிளம்பிவிட்டீர்கள். மேல்தளம் இல்லாமல் திறந்து கிடக்கிறது. அதில் முட்டை வைக்கலாமா என்று ஒரு பல்லி யோசிக்கிறது. நான் தரையில் உட்கார்ந்து சாப்பிடுகிறேன். தொடப் பயம். ஏதாவது ஒடிந்தால் உங்களுக்கு ஏதோ ஆகிவிடும் என்று ஒரு நினைப்பு. சிரிக்காதீர்கள்.

உங்கள்
இருதயமேரி


கடலில்
10.5.1987

அன்புள்ள மேரிக்கு,

சவரிநாதன் எழுதுவது. ஒரு பக்கம் கேட்டாய், இரண்டு பக்கம் எழுதப் பார்க்கிறேன். சுகத்துக்குக் குறைவில்லை. இஞ்சின் அறையில் வேலை. சூடு அதிகம், சத்தம் அதிகம், மற்றபடி லூமுட் பட்டறை மாதிரிதான். சோறு கிடைக்கிறது. குழம்பு என்று ஒன்று ஊற்றுகிறார்கள், அதைப் பற்றிப் பேச வேண்டாம்.

என் அறையில் ஜெயபாலன் என்று ஒருவன் இருக்கிறான். தைப்பிங்காரன், முப்பது வயது, கல்யாணம் ஆகவில்லை. அவனும் நம்மைப் போல ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன்தான். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்ற பிறகு, அம்மாவைத் தைப்பிங்கில் ஓர் அறை எடுத்து வைத்திருக்கிறான். செல்லாயி என்று பெயர். அவருக்கு இவன் ஒரே பிள்ளை. உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். "அண்ணி எழுதுனா ரேடியோ நாடகம் மாதிரி இருக்கு லா" என்கிறான். கப்பலை முடித்ததும் அதன் மேல் நிற்கிற குட்டி விமானத்தில் ஒன்று அவனுக்கு வேண்டுமாம்.

கப்பலைத் தொடப் பயப்படாதே. ஜெலாப்பாங் ஃபாக்டரியில் நாள் முழுக்கப் பூதக்கண்ணாடிக்குக் கீழே இடுக்கி வைத்து மயிரிழைக் கம்பியை ஒட்டுகிறவள் நீ. உன் கைக்கு இது வெறும் விளையாட்டு. துண்டுகள் எல்லாம் சட்டத்தில் நம்பரோடு இருக்கும். படத்தைப் பார்த்து வெட்டி ஒட்டு. பசை மூடியை இறுக்கி மூடு. வெயில் படவிடாதே, பிளாஸ்டிக் வளைந்துவிடும்.

போன வெள்ளிக்கிழமை பம்பு ரிப்பேருக்காகக் கரையில் நிறுத்தினார்கள். பூசைக்குப் போனேன். உனக்காகத்தான் சொல்கிறேன், நானாகவே போனேன். கோயிலில் நிற்க இடமில்லை. பாட்டுக் குழுவில் முக்கால்வாசி மலையாளிகள், நன்றாகப் பாடினார்கள். உன் பெயரைச் சொல்லி மெழுகுவர்த்தி ஏற்றினேன்.

அன்புடன்
சவரிநாதன்


இயேசு மரி சூசை துணை

ஈப்போ
2.6.1987

அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று நாள் சந்தோஷமாக வைத்திருந்தேன். நாலாம் நாள் பூசை முடிந்து லூர்துசாமி உபதேசியாரிடம், "அவரு கூட ஜப்பான்ல பூசைக்குப் போனாராம், உபதேசியாரே. சாதாரண வெள்ளிக்கிழமையிலயே கோயில் நெறைஞ்சு வழியுதாம்" என்று பெருமையாகச் சொன்னேன். அவர் முகம் ஒரு மாதிரி ஆனது. "மலையாளிங்க பாடுனாங்கன்னு எழுதியிருக்காரா?" என்றார். ஆமாம் என்றேன். அவருடைய தங்கை மகன் துபாயில் இருக்கிறான். அங்கே ஞாயிறு வேலை நாள், வெள்ளிக்கிழமைதான் விடுமுறை. ஞாயிறு பூசையை எல்லாரும் வெள்ளிக்கிழமையில்தான் காண்பார்களாம்.

ஏன் இப்படிச் செய்தீர்கள்? கம்பெனி தபால் மூட்டையில் சிங்கப்பூர் வந்து, சிங்கப்பூர் தபால்தலையோடு வருகிற கடிதத்தை நம்பி ஊரெல்லாம் ஜப்பான் ஜப்பான் என்று சொல்லிக்கொண்டிருந்தேனே. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் நீங்கள் சொன்ன முதல் பொய் இது. ஒருவேளை நான் கண்டுபிடித்த முதல் பொய்.

இப்போது எனக்குப் பயம் என்றால் சாதாரணப் பயமில்லை. போஸ்ட்மேன் மோட்டார் சைக்கிள் நம் வீட்டு வரிசையில் திரும்பினாலே அடுப்படிக்குள் போய் நின்றுகொள்கிறேன். ஃபாக்டரியில் இரண்டு நாளாக நான் ஒட்டியதில் பாதியைத் திருப்பி அனுப்பினார்கள். சூப்பர்வைசர் கேட்டாள், "என்னாச்சு மேரி, உன் கையா இது?"

சனிக்கிழமை நவநாளில் வேளாங்கண்ணி மாதா சுரூபத்துக்கு முன் முழந்தாளிட்டு நேர்ந்துகொண்டேன். கால் சுகமானால் காலும், வீடு கட்டினால் வீடும் செய்து வைக்கிறார்கள் இல்லையா? நீங்கள் பத்திரமாக வந்தால் கப்பல் செய்து வைக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். வெளியே வந்து செருப்பைப் போடும்போதுதான் நினைவு வந்தது. நம் வீட்டில் இருக்கிற ஒரே கப்பல் உங்களுடையது. அதுவும் பாதிதான் இருக்கிறது.

திட்டுவதென்றால் திட்டுங்கள். வாக்குக் கொடுத்தாகிவிட்டது. இன்றிலிருந்து நானே ஒட்டுகிறேன்.

இருதயமேரி


கடலில்
5.7.1987

அன்புள்ள மேரிக்கு,

பொய் சொன்னேன். வளைகுடாவில்தான் இருக்கிறேன். ஜப்பான் என்று சொல்லித்தான் ஏற்றினார்கள். இரண்டாம் வாரம் பாதை மாறிவிட்டது. வேண்டாதவர்கள் இறங்கிக்கொள்ளலாம் என்றார்கள். இறங்கி ஈப்போவுக்கு வந்து என்ன செய்வது என்று தெரியவில்லை. மறுபடி ஒரு வருஷம் நீ வேலைக்குப் போவதை வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க எனக்குத் தெம்பில்லை. ஒப்பந்தம் அக்டோபர் பதினைந்தில் முடிகிறது. அதுவரைக்கும் பொறுத்துக்கொள்.

உன்னிடம் மறைக்க இனி ஒன்றுமில்லாததால் உள்ளதை எழுதுகிறேன். பயமாக இருக்கிறது, மேரி. சப்பாத்தைக் கழற்றாமல் தூங்குகிறோம். தண்ணீரில் ஓர் எண்ணெய் டின் மிதந்தால்கூடக் கண்ணிவெடி என்று ஆளாளுக்கு ஓடுகிறோம். போன வாரம் நீரிணைக்கு வெளியே நிஜமான விமானந்தாங்கிக் கப்பலையே பார்த்தேன். வெகுதூரத்தில், சாம்பல் நிறத்தில், கரை மாதிரி நீளமாக. அட்டைப் பெட்டியில் அந்தப் படத்தை எத்தனை நாள் ஆசையாகப் பார்த்திருப்பேன். நேரில் பார்த்தபோது ஆசை வரவில்லை. இது இங்கே வந்து நிற்கிறதென்றால் நாம் எந்த மாதிரி இடத்தில் இருக்கிறோம் என்றுதான் தோன்றியது.

நேர்ச்சைக்குக் கொடு. மாதாவுக்குக் கொடுத்ததை நான் கேட்க முடியுமா? ஆனால் ஒன்று. நங்கூரம் இரண்டில் ஒன்று பெட்டியில் இருக்காது, தேடாதே. கிளம்பும் அன்று அதை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. வரும்போது கொண்டு வருகிறேன்.

ஜெயபாலனும் அம்மாவிடம் ஜப்பான் என்றுதான் சொல்லி வைத்திருக்கிறான். நம் விலாசத்தை அவருக்குக் கொடுத்திருக்கிறானாம். உன்னைத் தேடி வந்தால் காட்டிக்கொடுத்துவிடாதே. இருதயம் பலவீனமானவர்.

சவரிநாதன்


இயேசு மரி சூசை துணை

ஈப்போ
30.7.1987

அன்புள்ள அத்தானுக்கு,

கோபம் தீரவில்லை. ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

மேல்தளம் ஒட்டிவிட்டேன். கோபுரம் நின்றுவிட்டது. வேலை விட்டு வந்ததும் குளித்து, ஒரு கொப்பி குடித்துவிட்டு உட்கார்ந்தால் ஆறு மணிச் செய்தி வரைக்கும் ஒட்டுகிறேன். அந்த ஒரு மணி நேரம்தான் எனக்குப் பயமில்லாத நேரம். இடுக்கியில் ஒரு துண்டைப் பிடித்திருக்கும்போது வேறு எதையும் நினைக்க முடியாதல்லவா. ஃபாக்டரியிலும் திருப்பி அனுப்புவது நின்றுவிட்டது. சூப்பர்வைசரும் வாயை மூடிக்கொண்டாள்.

சாமியாரிடம் போய்ச் சொன்னேன். "போர்க்கப்பலம்மா இது. மாதா கால்ல எப்படி வைக்கிறது?" என்றார். "சாமி, எங்க வீட்டுல இருக்கிற கப்பல் இதுதான். மாதாவுக்குத் தெரியும்" என்றேன். கடைசியில் உபதேசியார்தான் வழி சொன்னார். விமானங்களை ஒட்டாமல் விட்டுவிட்டால் அது வெறும் கப்பல்தானே. சாமியார் சிரித்துவிட்டுச் சரி என்றார். விமானங்களையெல்லாம் மைலோ டின்னில் போட்டு மூடிவிட்டேன். உங்களுக்கு நெஞ்சு வலிக்கும், தெரியும். ஜெயபாலனுக்கு ஒன்றை மட்டும் வெள்ளைச் சாயம் அடித்து எடுத்து வைத்திருக்கிறேன் என்று சொல்லுங்கள்.

செல்லாயியம்மா வந்தார். கண் ஆஸ்பத்திரிக்கு ஈப்போ வந்தவர், விலாசத்தைக் காட்டிக் காட்டிக் கேட்டு நம் வீட்டுக்கே வந்துவிட்டார். கை நிறையச் சீப்பு வாழைப்பழம். அந்தக் கப்பலையே பார்த்துக்கொண்டிருந்தார். "இம்மாம் பெருசா கப்பலு? அப்ப என் மவனுக்கு ஒண்ணும் ஆவாது" என்றார். அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். "ஏம்மா, அவன் ஜப்பான்லதானே இருக்கான்? ரேடியோவுல என்னென்னமோ சொல்றாங்க."

"ஆமாம்மா, ஜப்பான்லதான். எங்க வீட்டுக்காரரும் அங்கதானே" என்றேன்.

கண்ணைப் பார்த்துச் சொன்னேன், அத்தான். அவருக்குத்தான் பார்வை சரியில்லையே.

உங்கள்
மேரி


கடலில்
27.8.1987

அன்புள்ள மேரி,

சுருக்கமாக எழுதுகிறேன், மூட்டை இப்போதே போகிறது. நேற்று எங்களுக்கு முன்னால் போன கப்பலைச் சின்னப் படகுகளில் வந்து அடித்துவிட்டார்கள். நாங்கள் பார்த்துக்கொண்டே தாண்டிப் போனோம். நிறுத்த உத்தரவில்லை. தண்ணீரில் ஆட்கள் இருந்தார்கள். ஜெயபாலன் வாந்தி எடுத்தான்.

ஒப்பந்தம் முடிவதற்குள் இன்னும் இரண்டு தடவை உள்ளே போக வேண்டும்.

இதோடு நங்கூரத்தை வைத்திருக்கிறேன். நீயே ஒட்டிவிடு. கப்பல் குறையில்லாமல் இருக்கட்டும். எது நடந்தாலும் உன் வாக்கு நிறைவேறியதாக இருக்கட்டும். பீரோவில் சிவப்பு ஃபைலில் இன்ஷூரன்ஸ் கடுதாசி இருக்கிறது.

உன்னை நிறைய அலைக்கழித்துவிட்டேன்.

சவரி


இயேசு மரி சூசை துணை

ஈப்போ
12.9.1987

அத்தானுக்கு,

கடிதத்தைப் பிரித்ததும் நங்கூரம் மடியில் விழுந்தது. அரை விரல்கடை இருக்குமா? அதைப் பார்த்து எனக்கு வந்த பயம் இந்த எட்டு மாதத்தில் வந்ததில்லை. இதை ஒட்டிவிட்டால் எல்லாம் முடிந்துவிட்டது என்று அர்த்தம். நீங்களும் முடித்துவிட்டீர்கள் என்று அர்த்தம். இன்ஷூரன்ஸ் கடுதாசியாம். அந்த ஃபைலை நான் தொடமாட்டேன்.

நீங்கள் அனுப்பியதை இந்தக் கடிதத்தோடு உங்களுக்கே திருப்பி அனுப்புகிறேன். பஞ்சில் சுற்றி வைத்திருக்கிறேன், தொலைத்துவிடாதீர்கள். எட்டாம் தேதி மாதா திருநாளுக்கு எல்லாரும் நேர்ச்சை கொண்டுவந்தார்கள். நான் வெறுங்கையோடு போய் மாதாவிடம் சொல்லிவிட்டு வந்தேன். என் கப்பலில் ஒரு நங்கூரம் குறைகிறது, அது என் புருஷன் பையில் இருக்கிறது, அவர் வந்துதான் ஒட்டுவார், அதுவரைக்கும் நீங்கள் காத்திருங்கள் என்று. மாதாவிடம் இப்படிப் பேசலாமா என்று தெரியவில்லை. பேசிவிட்டேன்.

அக்டோபரில் மறுபடி கையெழுத்துப் போடச் சொல்லி ஆசை காட்டுவார்கள். போடாதீர்கள். எந்தத் துறைமுகமானாலும் இறங்கிவிடுங்கள். வேலை இல்லாமல் வாசலில் உட்கார்ந்திருங்கள். நான் வேலைக்குப் போவதைப் பார்த்துக்கொண்டிருங்கள். ஃபாக்டரியில் சேரும் முன் வருஷக்கணக்காக உங்கள் சம்பளத்தில் நான் உட்கார்ந்து சாப்பிடவில்லையா? அதில் எனக்கு வராத வெட்கம் உங்களுக்கு எங்கிருந்து வருகிறது?

இறங்கிவிடுங்கள் அத்தான். இறங்கிவிடுங்கள்.

மேரி


இயேசு மரி சூசை துணை

ஈப்போ
20.10.1987

அத்தான்,

பதினைந்தாம் தேதி போய்விட்டது. கடிதம் இல்லை. சிங்கப்பூர் ஆபீசுக்குப் போன் போட்டேன். ஒருத்தன் பெயரைக் கேட்டுவிட்டுக் காத்திருக்கச் சொன்னான். காசு தீர்ந்து லைன் அறுந்துபோனது. மறுபடி போடத் தைரியம் வரவில்லை. இரண்டாம் தடவை அவன் சொல்லிவிடுவானோ என்று பயம்.

இந்த வாரம் தீபாவளி. ஜெயபாலன் வருவான் என்று செல்லாயியம்மா முறுக்குச் சுட்டு வைத்திருக்கிறாராம், யாரையோ எழுதச் சொல்லி எனக்குக் கடிதம் அனுப்பியிருக்கிறார். அவருக்குப் பதில் எழுதவில்லை.

எங்கே இருக்கிறீர்கள்?

மேரி


சிங்கப்பூர்
22.10.1987

மேரிக்கு,

உயிரோடு இருக்கிறேன். கையும் காலும் சரியாக இருக்கின்றன. காது ஒன்று கேட்கவில்லை, சரியாகிவிடும் என்கிறார்கள்.

ஜெயபாலன் இல்லை.

நாலாம் தேதி மூட்டை ஏறியது. உன் கடிதம் இஞ்சின் அறையிலேயே கைக்கு வந்தது. என் ஷிப்ட் அப்போதுதான் ஆரம்பம். உறையைத் தடவினால் உள்ளே கடினமாக ஏதோ இருந்தது. நீ நங்கூரத்தைத் திருப்பி அனுப்பிவிட்டாய் என்று புரிந்ததும், உறையைப் பிரிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். வேலை முடித்துவிட்டுப் போன ஜெயபாலன் திரும்பி வந்தான். "அண்ணி நல்லா திட்டியிருப்பாங்க லா. மேல காத்துல போய் நின்னு படிச்சிட்டு வாங்கண்ணே. நான் உங்க எடத்துல நிக்கிறேன்" என்றான்.

மேலே போய் ஒரு பக்கம்தான் படித்திருப்பேன். கீழே ஏதோ வெடித்துத் தளம் தூக்கிப் போட்டது.

படியில் இறங்கப் போனேன். புகை. மூன்று தடவை போனேன் என்று கம்பெனியிடம் சொன்னேன். உன்னிடம் உண்மை சொல்கிறேன். ஒரு தடவைதான் போனேன். நாலு படி இறங்கி அவனைக் கூப்பிட்டேன். பயந்து திரும்பிவிட்டேன்.

எட்டு நாளாக இங்கே மாலுமிகள் விடுதியில் இருக்கிறேன். உனக்கு எழுதவில்லை. எழுதினால் நீ சந்தோஷப்படுவாய். அந்தச் சந்தோஷத்தை நினைத்தால் பயமாக இருந்தது.

அவன் அம்மாவுக்கு இன்னும் தெரியாது. கம்பெனி கொடுத்த தந்தி திரும்பி வந்துவிட்டது. வேலையில் சேரும்போது அவன் எழுதிக்கொடுத்தது பிறந்த தோட்டத்து விலாசம். தொழிலாளர் குடியிருந்த லயத்தை இடித்து ஆறு வருஷம் ஆகிறது, அங்கே யாருமே இல்லை. நானும் என் ஃபாரத்தில் நம் பழைய தோட்டத்தைத்தான் எழுதியிருக்கிறேன், பார்த்தேன். நிரந்தர விலாசம் என்று கேட்டால் நம் ஆட்களுக்குக் கை அங்கேதான் போகிறது.

தைப்பிங் விலாசத்தைக் கேட்டார்கள். நானே போய்ச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டேன். ஆனால் என்னால் முடியுமா என்று தெரியவில்லை. வருகிற 31ஆம் தேதி, சனிக்கிழமை, கே.எல்.லில் வண்டி மாறி பட்டர்வொர்த் ரயிலில் வந்து ஈப்போவில் இறங்குகிறேன். ஒரு வாரம் வீட்டில் இருக்கிறேன். தெம்பு வந்த பிறகு தைப்பிங் போகிறேன்.

நங்கூரம் என்னிடம் இருக்கிறது. அதை நீதான் ஒட்ட வேண்டும். என் கை எப்படி இருக்கிறது என்று இந்த எழுத்தைப் பார்த்தாலே தெரியும்.

சவரிநாதன்


இயேசு மரி சூசை துணை

ஈப்போ
26.10.1987

அன்புள்ள அத்தானுக்கு,

உறை மேல் உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் வாசலிலேயே உட்கார்ந்து அழுதேன். போஸ்ட்மேன் பயந்துவிட்டார். அவ்வளவு சந்தோஷம். அப்புறம்தான் பிரித்தேன்.

நீங்கள் நாலு படி இறங்கியதே எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. நான் நடந்ததைச் சொல்கிறேன். நவநாளில் மாதாவிடம் உங்களை மட்டும்தான் கேட்டேன். என் புருஷன் வரட்டும் என்றேன். ஜெயபாலன் பெயரையும் சேர்த்துச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? அப்போது அவனுக்கு என்ன ஆனாலும் எனக்கென்ன என்று நினைக்கவில்லை, சத்தியமாக இல்லை. அவன் நினைவே வரவில்லை. அவ்வளவுதான். சாமியார் அதற்கும் இதற்கும் முடிச்சுப் போடாதே என்கிறார். ஆனாலும் அந்தக் கப்பலை நிமிர்ந்து பார்க்கப் பயமாக இருக்கிறது. துணியைப் போட்டு மூடி வைத்திருக்கிறேன். எப்போது கொடுப்பது என்று அப்புறம் பார்க்கலாம்.

செல்லாயியம்மா என் கையைப் பிடித்துக் கேட்டபோது ஜப்பான் என்று சொன்னவள் நான். நீங்கள் இல்லை. தீபாவளி முடிந்து நாலைந்து நாள் ஆகிறது. முறுக்கு டின்னைத் திறக்காமல் வைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருப்பார். தெம்பு வரட்டும் என்கிறீர்கள். வராது, அத்தான். எனக்கும் வராது. ஒரு வாரம் வீட்டில் இருந்தால் இன்னொரு வாரம் இருக்கத் தோன்றும். நம்மை எனக்குத் தெரியும்.

அதனால் ஈப்போவில் இறங்காதீர்கள். போன மாதம் இறங்கிவிடுங்கள், இறங்கிவிடுங்கள் என்று எழுதியவள்தான் இதை எழுதுகிறேன். தைப்பிங் வரைக்கும் டிக்கெட் எடுங்கள். ஈப்போ ஸ்டேஷனில் நான் ஏறிக்கொள்கிறேன். கதவோரமாக நில்லுங்கள், எந்தப் பெட்டி என்று எனக்குத் தெரியட்டும். உங்கள் வெள்ளைச் சட்டை ஒன்றைத் தேய்த்து எடுத்து வருகிறேன், ரயிலிலேயே மாற்றிக்கொள்ளலாம். அவனுக்காக வைத்திருந்த விமானத்தை எடுத்து வரவில்லை. எதையாவது கையில் கொடுத்தால் அதோடு முடிந்துவிட்டது போல ஆகிவிடும்.

வாசலில் நம் இரண்டு பேரையும் பார்த்ததும், அவனைத் தேடி நமக்குப் பின்னால் பார்ப்பார். பார்வை சரியில்லாதவர், கொஞ்ச நேரம் தேடுவார். அந்த நேரத்தில் நீங்கள் பேச வேண்டாம். நான்தான் பொய் சொன்னேன், நானே சொல்கிறேன். நீங்கள் என் பக்கத்தில் நின்றால் போதும்.

சனிக்கிழமை பார்க்கலாம்.

உங்கள்
மேரி